கரண்ட் அடுப்பில் காய்ச்சிய முதல் பால்

என்னை ஃபெயிலாக்கியது யுனிவர்சிட்டி இல்லை. அது ஒழுங்காகப் பாஸ் போட்டுத்தான் அனுப்பியது. ஃபெயிலாக்கியவர் என் அப்பச்சி. எங்கள் பக்கத்தில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. திருச்சியில் ஹாஸ்டலில் தங்கி நான் இண்டர்மீடியட் படித்தேன். திருமயத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் வியாபாரக் குடும்பத்துப் பெண்ணை அவ்வளவு தூரம் படிக்க அனுப்புவது அபூர்வம். அப்பச்சி பெரிய முற்போக்குக்காரர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பத்தொன்பது முடியும்வரை எனக்குக் கல்யாணம் கூடாது என்று ஜோசியர் சொல்லிவிட்டார். அதுவரை வீட்டில் வைத்துக்கொண்டு என் வாய்க்குப் பதில் சொல்வதைவிட ஹாஸ்டல் மேல் என்று முடிவு செய்தார். அவ்வளவுதான் விஷயம்.

ரிசல்ட் பேப்பரில் வந்தது. அப்பச்சி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மூன்றாம் வகுப்பு வரிசையில் தொடங்கி மேலே மேலே விரலை நகர்த்தினார். முதல் வகுப்பு வரிசையில் என் நம்பரில் விரல் நின்றது. நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் பேப்பரை நாலாக மடித்தார்.

"யார்ட்டயும் சொல்லாத" என்றார்.

அந்த வாரம்தான் ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை "இண்டர் படிச்சவுக" என்று தரகர் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் நகை பற்றிக் கேட்டார்கள், நட்சத்திரம் கேட்டார்கள், கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்கள்: "பொண்ணு பாஸா, ஃபெயிலா?" பாஸ் என்றால் மாப்பிள்ளைக்குச் சமமாகிவிடுவாள். சமமாக இருக்கிற பெண்டாட்டி நாளைக்குத் தலைமேல் ஏறி உட்காருவாள். அப்பச்சி கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எழுதுச்சுங்க. போயிருச்சு" என்றார். அந்தப் பக்கம் எல்லோரும் மூச்சு விட்டார்களாம். நிறம், குணம், சமையல் ஆகியவற்றோடு ஃபெயிலும் என் நல்ல லட்சணங்களில் ஒன்றாகச் சேர்ந்துகொண்டது.

பிற்பாடு தபாலில் மார்க் லிஸ்ட் வந்தது. அப்பச்சி கையெழுத்துப் போட்டு வாங்கினார். நான் கேட்டால், "எங்கயோ வச்சேன், பாப்போம்" என்பார். பத்து தடவை கேட்டிருப்பேன். எனக்கு வேண்டியது சர்டிபிகேட்டும் இல்லை, பாராட்டும் இல்லை. பௌதிகத்தில் எத்தனை மார்க் என்று தெரிந்தால் போதும். வோல்ட்டையும் ஆம்பியரையும் கொடுத்து எதிர்ப்பும் சக்தியும் கேட்ட கணக்கை, இதற்குமேல் ஒரு மனுஷி என்ன எழுத முடியும் என்கிற அளவுக்கு எழுதியிருந்தேன். அதற்கு என்ன போட்டார்கள்? சொந்த மார்க்கைத் தெரிந்துகொள்ளாமல் தாலி கட்டிக்கொண்ட முதல் பெண் நானாகத்தான் இருக்க வேண்டும்.

கல்யாணத்துக்கு முந்தைய நாள் சீர்ச் சாமான்களை வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில், பரப்பி வைப்பது எங்கள் வழக்கம். சைகோனில் தொழில் செய்துகொண்டிருந்த பெரியப்பச்சி எனக்காக ஒரு கரண்ட் அடுப்பும் ஒரு கரண்ட் இஸ்திரிப் பெட்டியும் கப்பலில் கொண்டுவந்திருந்தார். அண்டா குண்டா நடுவில் அவை இரண்டும் பளபளவென்று உட்கார்ந்திருந்தன. சீர்ச் சாமானை முன்னதாகப் புழங்கக் கூடாது. ஒரு தடவை சூடேறிவிட்டால் அது பழசு. பழசைச் சீராகக் கொடுப்பது இழுக்கு. ஆகவே சைகோன் கடையிலிருந்து எங்கள் வளவு வரைக்கும் யாரும் அவற்றைப் பிளக்கில் மாட்டிப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை வீட்டு ஆச்சிமார் வந்தார்கள். குடத்தைச் சுண்டிப் பார்த்தார்கள், பாயைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒருவர் அடுப்பைத் தூக்கி, "நல்ல கனம்" என்றார். இன்னொருவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கி, "இதும் கனம்" என்றார். சோதனை முடிந்தது. கனமாக இருந்தால் தரம் என்பதுதான் எங்கள் ஜனங்களுக்குத் தெரிந்த பௌதிகம்.

அடுப்பை அவர்கள் தூக்கியபோது அடிப்பக்கத்தில் இருந்த தகடு என் கண்ணில் பட்டது. எழுத்தெல்லாம் பிரெஞ்சு. எண்ணுக்கு ஏது பாஷை? 115 வோல்ட், 500 வாட். இஸ்திரிப் பெட்டியில் 115 வோல்ட், 450 வாட். சைகோனில் கரண்ட் நூற்றுப் பதினைந்து வோல்ட்; நம் ஊரில் இருநூற்று முப்பது. எனக்குத் திக்கென்றது. என் ஆத்தாவைத் தூண் மறைவுக்கு இழுத்துப்போய், இதை நம் ஊர்க் கரண்ட்டில் மாட்டினால் எரிந்துபோகும் என்று சொன்னேன்.

"வாய மூடிக்கிட்டு இரு. ஃபெயிலான புள்ளைக்கு எதுக்கு இந்தக் கணக்கெல்லாம்?" என்றார் ஆத்தா.

நான் பாஸானது அவருக்கு நன்றாகத் தெரியும். ஊரெல்லாம் சொல்லிச் சொல்லி, இரண்டு மாதத்தில் தானே நம்பிவிட்டார்.

கல்யாணம் ஆகி ஒரு மாதத்தில் எங்களை வேறு வைத்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் இது: புகுந்த வீடு ஒன்றுதான், ஆனால் ஒவ்வொரு மகனுக்கும் தனி அறை, தனி அடுப்பு, தனிச் சமையல். புது அடுப்பில் முதலில் பால் காய்ச்ச வேண்டும். பொங்கினால் குடித்தனம் விளங்கும். பொங்காவிட்டாலோ, அடுப்பு அணைந்துவிட்டாலோ, ஆயுசுக்கும் ஏச்சு விழுவது வந்த மருமகளுக்குத்தான். "அவ கால் வச்ச நேரம்" என்பார்கள்.

மாமனார் பெருமைக்காரர். விறகடுப்பு வேண்டாம், சைகோன் அடுப்பிலேயே பால் காய்ச்சுவோம் என்று அறிவித்து, பங்காளிகள் அத்தனை பேருக்கும் ஆள் அனுப்பிச் சொன்னார். இந்த ஜில்லாவிலேயே இது முதல் தடவை என்று வேறு சேர்த்துக்கொண்டார். என் கணவரும் தன் பங்குக்கு ஒன்று சொல்லிவைத்தார்.

"சைகோன்ல பாதிக் கரண்டு. நம்ம ஊர்ல முழுக் கரண்டு. அதனால ரெண்டு மடங்கு சூடு வரும். ஊத்துன பால் ஒடனே பொங்கிரும்."

"படிச்சவன் படிச்சவன்தான்" என்றார் மாமனார்.

ஊர் வயர்மேன் அதற்கும் மேலே. விசேஷத்துக்குச் சீரியல் பல்பு போட்டதில் ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்று, ஃபியூஸில் தடிமனான செம்புக் கம்பியை வைத்து முறுக்கிவிட்டிருந்தார். "இனிமே போகவே போகாதுங்க" என்றார் பெருமையாக. உண்மைதான், ஃபியூஸ் போகாது. அடுப்புதான் போகும்.

அன்று காலை குளித்துவிட்டு, புது அறையில் அடுப்பு வைக்கும் இடத்தில் மாக்கோலம் போட உட்கார்ந்தேன். கணவர் வேஷ்டி மாற்ற வந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவரோடு நான் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியதில்லை. அன்று வேறு வழியில்லை. கோலப் பொடியாலேயே தரையில் கணக்கை எழுதினேன்.

"இங்க பாருங்க. ஐநூறு வாட்ட நூத்துப் பதினஞ்சால வகுத்தா நாலேகால் ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல. அதுதான் சைகோன்ல ஓடுற கரண்டு. நூத்துப் பதினஞ்ச அந்தக் கரண்டால வகுத்தா எதிர்ப்பு இருபத்தாறரை ஓம். கம்பி அதேதான், எதிர்ப்பு மாறாது. நம்ம ஊர் இருநூத்து முப்பத அந்த இருபத்தாறரையால வகுங்க."

அவர் உதட்டை அசைத்து வகுத்தார். வெகுநேரம் ஆயிற்று. நானே எழுதினேன்: எட்டே முக்காலுக்குக் கொஞ்சம் குறைவு.

"கரண்டும் ரெண்டு மடங்கு, வோல்ட்டும் ரெண்டு மடங்கு. சக்திங்கறது ரெண்டையும் பெருக்கி வர்றது. அப்ப எத்தன?"

"ரெண்டாயிரம் வாட்டா? நாலு மடங்குல்ல வருது!" என்றவர் முகம் சுருங்கியது. "நான் ரெண்டு மடங்குன்னுல்ல எல்லார்ட்டயும் சொல்லிவச்சிருக்கேன்."

பாருங்கள், அடுப்பு எரிவதைப் பற்றிக் கவலையில்லை. சொன்ன சொல் போய்விடுமே என்றுதான் கவலை.

"ஒனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? நீ ஃபெயில்தான?" என்று கேட்டார்.

"ஃபெயிலானவகளுக்குத்தாங்க கேள்வி நல்லா ஞாபகம் இருக்கும்."

"எனக்கு ஒண்ணுமே ஞாபகம் இல்லயே!" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்குப் புரிந்தது. நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "இண்டர் படிச்சவுக" என்று தரகர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. படித்தார்தான். இரண்டு தடவை படித்தார். இரண்டு தடவையும் பௌதிகத்தில் போய்விட்டது. அப்பச்சி, ஒரு ஃபெயிலுக்கு ஈடுகட்டத்தான் என்னை ஃபெயிலாக்கியிருந்தார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. இரண்டுக்கும் நேரமில்லை. வழி ஒன்றுதான் இருந்தது. அடுப்பையும் இஸ்திரிப் பெட்டியையும் தனித்தனியாக மாட்டாமல், அடுப்பு வழியாகப் போகிற கரண்ட் பெட்டி வழியாகவும் போய்த் திரும்பும்படி ஒரே வரிசையில் கோத்துவிட வேண்டும். பெட்டியின் எதிர்ப்பு இருபத்தொன்பதரை. இரண்டையும் கூட்டினால் ஐம்பத்தாறு. இருநூற்று முப்பதை ஐம்பத்தாறால் வகுத்தால் நாலு ஆம்பியர் சொச்சம். ஏறக்குறைய சைகோனில் ஓடுகிற அதே கரண்ட். அடுப்புக்கு நூற்றொன்பது வோல்ட், பெட்டிக்கு நூற்றிருபத்தொன்று. பெட்டிக்குக் கொஞ்சம் கூடுதல்தான். பதினைந்து நிமிஷம் தாங்கும், ஆனால் சும்மா காயவிட்டால் கெட்டுவிடும். யாராவது துணியை வைத்துத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கணவர் கோலத்தைக் காலால் அழித்துவிட்டுப் போய், இதை அப்படியே தன் யோசனையாக வயர்மேனிடம் சொன்னார். "பாலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்டார் வயர்மேன். "சொன்னதச் செய்யி" என்றார் இவர். அதிகாரம் பண்ண மட்டும் எந்தப் பரீட்சையும் பாஸ் பண்ண வேண்டியதில்லை. சோதித்துப் பார்க்கவும் வழியில்லை. நல்ல நேரத்தில் பாலோடுதான் முதல் சூடு ஏற வேண்டும். என் கணக்கு தப்பாக இருந்தால், அதை முப்பது பேருக்கு முன்னால்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்பது மணிக்குள் பால் பொங்க வேண்டும், பிறகு நேரம் சரியில்லை. எட்டே முக்காலுக்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்தோம். என் அப்பச்சியும் ஆத்தாவும் புதுக் குடித்தனத்துக்கு அரிசி, பருப்போடு வந்து வாசல் பக்கம் நின்றிருந்தார்கள். பங்காளிகள் அறைக்குள்ளும் வளவிலுமாக நெருக்கி நின்றார்கள். நான் அரைப்படிப் பால் ஊற்றிய பாத்திரத்தை அடுப்பில் வைத்தேன். மூலையில் நாத்தனார் மாமனாரின் வேஷ்டியைத் தேய்க்கத் தயாராகப் பெட்டியைப் பிடித்திருந்தாள். கல்யாண வீடுகளில் எத்தனையோ சடங்கு பார்த்திருக்கிறேன். பால் காய்ச்சும்போது வேஷ்டி தேய்க்கும் சடங்கு எங்கள் வீட்டில்தான்.

வயர்மேன் ஸ்விட்சைப் போட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அடுப்புக் கம்பி மெல்லச் சிவந்தது. வெள்ளையாகவில்லை, அறுந்துபோகவில்லை, அழகாக, அடக்கமாகச் சிவந்தது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

ஆனால் பால் பொங்கவில்லை. ஐந்து நிமிஷம் ஆயிற்று, பத்து நிமிஷம் ஆயிற்று. ஊற்றின உடனே பொங்கும் என்று சொல்லிவைத்திருந்ததால் எல்லோரும் என் கணவரைப் பார்த்தார்கள். அவர் பாலைப் பார்த்தார். நாத்தனார் மூன்றாவது வேஷ்டிக்கு வந்துவிட்டாள்.

"இது என்னப்பா, வேஷ்டி வேகமா வேகுது, பால் வேகலயே" என்றார் ஒரு பங்காளி.

"அந்தப் பெட்டிதானுங்க பாதிக் கரண்டக் குடிக்குது. அதக் கழத்திட்டு அடுப்ப நேரா மாட்டுனா ஒரே நிமிஷம். நான் அப்பவே சொன்னேன்" என்றார் வயர்மேன்.

மாமனார் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம். "கழத்து" என்றார்.

நான் கணவரைப் பார்த்தேன். காலையில் தன் யோசனை என்று சொன்ன மனிதர் இப்போது வாய் திறப்பார், இரண்டு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவருக்கு அந்த இரண்டு வார்த்தை தெரியாது. வயர்மேன் ஸ்விட்சை நோக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதீங்க!" என்று கத்திவிட்டேன்.

புது மருமகள், மாமனார் இருக்கும் சபையில், அந்தக் குரலில். மாமியார் வாயைப் பொத்திக்கொண்டார். ஆரம்பித்தாயிற்று, இனி என்ன! "பெட்டியக் கழத்துனா அடுப்புக்கு இருநூத்து முப்பது வோல்ட்டும் போகும். கரண்டு ரெண்டு மடங்கு, சூடு நாலு மடங்கு, ரெண்டாயிரம் வாட்டு. கம்பி தாங்காது, பால் பொங்கறதுக்கு முன்னால அறுந்துரும். நீங்க ஃபியூஸ்ல வேற செம்ப முறுக்கி வச்சிருக்கீங்க. அடுப்பு அணைஞ்சா யாரு தலையில விடியும்னு எனக்குத் தெரியும். பெட்டி குடிக்கலைங்க, காவல் நிக்குது. இன்னும் நாலு நிமிஷம் பொறுங்க, பொங்கும்."

நாத்தனார் ஒரு நொடி கையை நிறுத்தி, துணி கருகப் போகிறது என்று மறுபடி தேய்த்தாள். மாமனார் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இம்புட்டும் ஒனக்கு யாரு சொன்னது? நீ ஃபெயிலுல்ல?"

நானே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பொய் என்னுடையது இல்லை. அதை நான் ஏன் எடுத்துப் போட வேண்டும்? வாசல் பக்கம் திரும்பி அப்பச்சியைப் பார்த்தேன். முப்பது பேரும் திரும்பினார்கள். ஆத்தா அவர் முழங்கையைப் பிடித்து அழுத்தியதும் தெரிந்தது. பாஸ் என்றால் இந்த வீட்டில் அவர் பொய்யர். ஃபெயில் என்றால் மகளை ஒரு மூலைக்கு, ஆயுசு முழுக்க, தானே தள்ளிய மாதிரி.

எல்லோரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்ததில் பாலை ஒருவரும் பார்க்கவில்லை. அது தன்பாட்டுக்கு நுரைத்து எழும்பி, விளிம்பு தாண்டி, சிவந்த கம்பியில் விழுந்து சுரீர் என்றது. "பொங்கிருச்சு! பொங்கிருச்சு!" என்று நாத்தனார்தான் கத்தினாள். மாமியார் அவசரமாகக் குலவை போட்டார், பாதியில் இருமல் வந்துவிட்டது. வயர்மேன், தான் இழுத்த வயரில் பொங்கியதாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். பங்காளிகள் என் கணவரின் தோளைத் தட்டினார்கள். அவரும், கேட்டால் கேளுங்கள், தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

மாமனார் மட்டும் இடத்தைவிட்டு அசையவில்லை. அவர் வியாபாரி. கேட்ட கேள்விக்குப் பதில் வராமல் எழுந்து போகிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

"சம்பந்தி, பொண்ணு பாஸா, ஃபெயிலா?"

அப்பச்சி ஆத்தாவின் கையை மெதுவாக விலக்கினார்.

"பாஸுங்க" என்றார். "ஃபர்ஸ்ட் கிளாஸ்."

மாமனார் தன் மகனை ஒரு பார்வை பார்த்தார். மகன் இஸ்திரிப் பெட்டியை வெகு அக்கறையாக ஆராய்ந்துகொண்டிருந்தார். தானும் ஒரு பொய்யை விற்றவர் என்பதால் மாமனாருக்குக் கோபப்பட இடமில்லை. அதோடு விட்டிருப்பார்கள். அப்பச்சிதான் விடவில்லை. அவர் மாமனாரைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

"பௌதிகத்துல நூத்துக்குத் தொண்ணூத்தி நாலு."

என் மார்க் எனக்கு அன்றுதான் தெரிந்தது. எங்கேயோ வைத்துவிட்டதாகச் சொன்ன மனுஷர், ஒரு தாளையும் பார்க்காமல் அதைச் சொன்னார். முப்பது பேர் நடுவில், கையில் பால் கரண்டியோடு, நான் வாய்விட்டு அழுதேன். புகுந்த வீட்டுப் பால் பொங்கிய சந்தோஷம் என்று ஆச்சிமார் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். எனக்கு அப்பச்சிமேல் வந்த கோபம் அது. இன்றுவரைக்கும் அது முழுசாக ஆறவில்லை.